ஆவுடைத்தங்கத்தின் வலது உள்ளங்கை

மஞ்சணத்திபுரத்தில் பழைய குடும்பம் எதுவானாலும் சரி, வீட்டுக்குள் போய்ப் பரண்மேல் கவிழ்ந்து கிடக்கிற அண்டாவையோ தவலையையோ இறக்கித் துடைத்துப் பார்த்தீர்களானால், எங்காவது ஒரு பக்கத்தில் ஊதா நிறத்தில் முட்டை வடிவத்தில் சர்க்கார் முத்திரை ஒன்று இருக்கும், சுற்றிலும் விற்பனை வரி ஆபீசின் பெயர் இருக்கும், நடுவில் ஒரு தேதியும் தேதிக்கு மேலே 'பெறப்பட்டது' என்ற வார்த்தையும் இருக்கும், புளி போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்கக்கூடாது, நான் எப்போதும் நடந்துதான் போவேன்.

அந்த முத்திரைகளெல்லாம் ஒரே கையிலிருந்து விழுந்தவை. பாத்திரக்கடை ஆவுடைத்தங்கத்தின் வலது கை அது. கடையை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா ஆவுடையப்பன். அந்த ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுப்பது கடைக்காரர் கடமை, அதற்குக் கூலி கேட்டால் ஊரே சிரிக்கும். அதனால் ஒவ்வொரு கடையிலும் சின்ன உளியும் சுத்தியலுமாக ஒரு ஆள் தரையில் உட்கார்ந்திருப்பார். ஆவுடையப்பன் கடைக்கு அப்படி வந்து உட்கார்ந்தவர்தான் சிவனணைந்தான். வந்த முதல் நாள், கை எப்படி என்று பார்ப்பதற்காக முதலாளி தன்னுடைய சொந்தத் தூக்குவாளியை எடுத்துக் கொடுத்து என் பெயரை வெட்டு என்றார், இவரும் குனிந்து டொக்டொக் என்று தட்டி நிமிர்ந்து நீட்டினார், பார்த்தால் வாளியில் முத்து முத்தான எழுத்தில் ஆவுடைத்தங்கம் என்று முதலாளி மகளின் பெயரும் அதற்குக் கீழே அன்றைய தேதியும் இருந்தன. கை தப்பிவிட்டது முதலாளி என்று சொன்னாராம். வெட்டின எழுத்தை அழிக்க வழியில்லையே, வாளியைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டார்கள், அது அங்கேயே தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சில வருஷம் கழித்து அவருக்கே மகளைக் கட்டிக்கொடுத்தபோது, பெயர் வெட்டின சாமானை வேறு ஆளிடம் எப்படித் தள்ளமுடியும் என்று ஆவுடையப்பன் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் கிளப்பின பேச்சு இல்லை.

அப்பா போனபிறகு கடை ஆவுடைத்தங்கத்தின் பெயருக்கு வந்தது. கம்ப்யூட்டர் என்ற சாமான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திராத காலம். வரி ரிட்டர்னைக் கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை ஆபீசில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் ரிட்டர்ன் கொடுக்கக் கடைசி நாளன்று அவள் புறப்பட்டுப் போய் ஆபீஸ் ஜன்னலில் நீட்டினால் கையில் ஒரு பிரதிதான் இருக்கிறது, மற்றதைக் காணோம். காலையில் யாரோ வெளியூர்க்காரர் ஒரு பன்னீர்ச்செம்பு வாங்கியிருந்தார், சுற்றிக் கொடுக்கப் பழைய பேப்பர் அகப்படாமல் சிவனணைந்தான் மேசைமேல் கிடந்ததை எடுத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார், பன்னீர்ச்செம்பும் ரிட்டர்னின் நகலும் அந்நேரம் ரயிலில் போய்க்கொண்டிருந்தன.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஆபீசுக்கு வருகிற தாள்களை வாங்கிவைக்கிற தபால் குமாஸ்தா அந்தோணிப்பிச்சை. அவருக்கும் அன்றுதான் கடைசி நாள், சாயங்காலம் ரிட்டையர், உள்ளே மாலை வாங்கிவைத்து ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள், வெளியே கடைக்காரர்கள் கூட்டம் ஜன்னலை நெருக்கிக்கொண்டிருந்தது. ரிட்டர்னை வாங்கிக்கொண்டார். வாங்கினதற்கு அடையாளம் இல்லாமல் நகரமாட்டேன் என்று ஆவுடைத்தங்கம் நின்றாள், பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், அவர் பொருட்காட்சி வாசலில் கையில் முத்திரை குத்தி உள்ளே விடுகிறவனைப்போல, “சரி, கைய நீட்டு தாயி” என்று சொல்லி, நீட்டின வலது உள்ளங்கையில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். நாளைக்கு நகலைக் கொண்டுவந்தால் சீட்டில் இருக்கிற ஆள் அதில் குத்திக் கொடுப்பார் என்றார். மறுநாள் நகலும் இல்லை, சீட்டில் அவரும் இல்லை, உள்ளங்கையில் முத்திரை மட்டும் இருந்தது.

அது போகவில்லை. குளித்தாள், போகவில்லை. அண்டா துலக்குகிற மாதிரி புளியும் செங்கல்பொடியும் வைத்துத் தேய்த்தாள், கை சிவந்ததே தவிர முத்திரை ஊதாவாகவே இருந்தது. சரி கிடக்கட்டும் என்று பால்காரரிடம் பால் வாங்கி அடுப்பில் ஏற்றினபிறகு பார்க்கிறாள், பால்செம்பின் வயிற்றில் அதே முத்திரை விழுந்திருக்கிறது, ஆனால் தேதி மட்டும் இன்றைய தேதி. பக்கத்து வீட்டு மதினி கொடுத்தனுப்பிய கொழுக்கட்டைத் தட்டில் விழுந்தது. கோயிலில் வாங்கின வாழைப்பழத்தில் விழுந்தது. சும்மா தொட்ட சுவரிலோ தூணிலோ ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நாளில் ஊர் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது: ஒருவர் மனசார ஒன்றைக் கொடுத்து அது போய்ச் சேர்ந்திருந்தால், ஆவுடைத்தங்கம் தொட்ட மாத்திரத்தில் அதன்மேல் முத்திரை விழும், கொடுத்த நாளின் தேதியோடு விழும். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஒருத்திக்கு வாக்கு பலிக்கிறது, ஒருத்தனுக்குத் தண்ணீர் ஊற்று தெரிகிறது, இவளுக்குக் கையில் முத்திரை, அவ்வளவுதானே என்றார்கள்.

முதலில் வந்தது ஒரு சம்பந்திச் சண்டை. மகள் கல்யாணத்துக்கு அண்டா கொடுத்தோம் என்று பெண் வீட்டார் சொல்ல, எங்கே கொடுத்தீர்கள், இது நாங்கள் வாங்கின அண்டா என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, அண்டாவில் பெயர் வெட்டியிருந்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவியிருக்க, இரண்டு வீட்டாரும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். ஆவுடைத்தங்கம் கையை வைத்தாள், கல்யாணத் தேதியோடு முத்திரை விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா தேதியைப் படித்தார், தொண்டையைச் செருமினார், சரி எல்லாரும் காப்பி சாப்பிடப் போவோம் என்றார்.

அதற்கப்புறம் பாத்திரமே இல்லாத சண்டைகள் வரத் தொடங்கின. அப்பா செத்த துட்டிக்கு வரவில்லை என்பதற்காகப் பேச்சை முறித்துக்கொண்ட பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். வந்தேன், கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்றார் ஒருவர். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை என்றார் அப்பாவைப் பறிகொடுத்த மற்றவர். அவர் தோளில் ஆவுடைத்தங்கம் கையை வைக்க, சாவு விழுந்த நாளின் தேதி சட்டைக்கு மேலேயே விழுந்தது, அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வந்திருக்கே, வந்துதான் இருக்கு என்று சொல்லி, அப்பா செத்து அத்தனை காலத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை அழுதார். எங்கள் வார்டு மெம்பர் சாக்கடை கட்டிக் கொடுத்தேன் என்று சொல்லித் தானாகவே அவளை அழைத்துப்போனார், அவள் சாக்கடைச் சுவரில் கை வைத்தாள், ஈரம்தான் ஒட்டியது. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார், தான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எத்தனை பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு வகுப்பையே வரிசையில் நிறுத்தினார், முன்வரிசைப் பிள்ளைகள் நெற்றியில் ஒன்றும் விழவில்லை, கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் நெற்றியில் கரும் ஊதாவில் அழுத்தமாக விழுந்தது, வாத்தியார் லீவு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பிள்ளையார் கோயில் பூசாரி, ஊர் செய்கிற வேண்டுதலெல்லாம் போய்ச் சேருகிறதா என்று சாமி காலில் ஒருதடவை வைத்துப் பாரேன் என்று கேட்டார். சாமிக்கும் நமக்கும் நடுவில் ஆபீஸ் எதற்கு என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாள்.

ஊரின் போக்கே கொஞ்சம் மாறிப்போனது. கொடுக்கிறவர்கள் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக் கொடுத்தார்கள், வாங்குகிறவர்கள் வேறு எங்கோ பார்க்காமல் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள், பஸ்ஸில் சில்லறை வாங்கினால்கூட வந்து சேர்ந்தது அண்ணாச்சி என்று சொல்லுகிற பழக்கம் வந்தது. புதுப் பாத்திரம் வாங்குகிறவர்கள் பெயர் வெட்டினபிறகு அக்கா கையையும் ஒருதடவை வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போனார்கள்.

இப்படி ஊரிலுள்ளவர்கள் கொடுத்ததற்கெல்லாம் அத்தாட்சி வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அவள் கொடுத்தது வரவில்லை என்று நோட்டீஸ் வந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யப்படவில்லை, தண்டம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் கடையைப் பூட்டி அரக்கு வைக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. ஆபீஸ் வாசல் பலகையில் கணக்குக் கொடுக்காதவர்கள் பெயர்களோடு அவள் பெயரையும் ஒட்டினார்கள். அது மார்கழி மாதம். தை பிறந்தால் கல்யாணங்கள், பாத்திரக்கடைக்காரர்கள் வருஷம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது அந்த மாதத்துச் சம்பாத்தியத்தில்தான்.

ஆபீசர் புதிதாக வந்திருந்தார், சற்குணவதி என்று பெயர், வேலூர்ப் பக்கத்துக்காரர், யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காதவர். ஆவுடைத்தங்கம் போய்க் கையை விரித்துக் காட்டினாள். ஆபீசரம்மா பார்த்தார், முத்திரை நம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் கையைக் கோப்பில் கோக்க முடியாதே என்று வருத்தத்தோடு சொன்னார். அப்படியானால் நகல் எடுத்து வருகிறேன் என்று இவள் கடைத்தெரு ஜெராக்ஸ் மிஷினில் கையைக் கவிழ்த்து வைத்தாள், ஆயுள் ரேகை வந்தது, விரல்ரேகை வந்தது, முத்திரை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக வந்தது. சான்றொப்பம் வாங்கிவாருங்கள் என்றார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் பச்சை மை பேனாவை எடுத்து, முத்திரையை ஒருதடவை உற்றுப் பார்த்து, நாடியையும் பழக்கதோஷத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பச்சைக் கையெழுத்தோடு அவள் திரும்பிப் போய் நின்றாள். ஆபீசரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே சங்கடமும் வந்தது. தண்டத்தைக் கட்டிவிட்டுப் புது ரிட்டர்ன் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா, பெரிய தொகை இல்லை, இன்றைக்கே முடிந்துவிடும் என்றார்.

சிவனணைந்தானும் அதையேதான் சொன்னார். கட்டித் தொலைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம் என்று வீட்டில் சொன்னார், கடையில் சொன்னார், உளியால் தட்டிக்கொண்டே சொன்னார். ஆவுடைத்தங்கம் ஒரே ஒருதடவைதான் பதில் சொன்னாள்.

“கட்டுனா, குடுக்கலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா. குடுத்தத குடுக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

யார் குத்தின முத்திரை என்று ஆபீசில் கேட்டபோதெல்லாம், சீட்டில் இருந்தவர் என்று மட்டும் சொன்னாள். அதற்கும் காரணம் இருந்தது. நோட்டீஸ் வந்த மறுநாள் அந்தோணிப்பிச்சை இட்லிக் கொப்பரை வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தார், மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, பென்ஷன் கோப்பு இன்னும் நகரவில்லை, கையில் முத்திரை குத்தினேன் என்று தெரிந்தால் அதைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே தாயி என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் சரி அண்ணாச்சி என்று சொல்லிக் கொப்பரையை மூடிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அவர் பார்த்தபோது மூடியில் முத்திரை இருந்தது. கொப்பரைக்குக் காசு கொடுத்திருந்தார். அவள் சும்மா கொடுத்தது அந்த வாக்கு ஒன்றைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊரே அவள் கைக்கு முன்னால் வந்து நின்ற அத்தனை மாதமும் அந்தக் கை படாமல் தப்பித்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் உண்டு, அது அவள் புருஷன். தெருவில் போனால் அவளுக்கு இடதுபக்கமாக நடந்தார். சாதத்தைக் கரண்டியால் போடச் சொன்னார். முதுகில் அழுக்குத் தேய்க்க வாரேன் என்று அவள் சொன்னால், இன்றைக்கு எண்ணெய் தேய்க்கவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்துக்கடை செம்புக்காரர், என்ன அண்ணாச்சி, ஊரெல்லாம் ஊதாவா இருக்கு, நீங்க மட்டும் வெளுப்பா இருக்கீங்களே என்று கேலி செய்தால், உளியை வேகமாகத் தட்டுவார். நகலைப் பேப்பர் என்று நினைத்துச் சுற்றிக் கொடுத்த நாளிலிருந்தே அவர் குரல் இறங்கித்தான் இருந்தது.

கடைசி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குத் தீர்ந்தால் தீர்ந்தது, இல்லையென்றால் மறுநாள் கடைக்குப் பூட்டு. பாத்திரக்கடைத் தெருவே அடைத்துவிட்டு ஆபீசுக்குப் போனது. சம்பந்திகள் வந்தார்கள், பங்காளிகள் வந்தார்கள், கணக்கு வாத்தியார் வந்தார், சாக்கடை மெம்பர்கூட வந்து ஓரமாக நின்றார். ஆபீசரம்மா ஆவுடைத்தங்கத்தை உட்காரச் சொன்னார், வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று தானே எழுந்துபோய்ப் பானையில் மொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவள் மேசைமேல் வைத்த தம்ளரில் முத்திரை இருந்தது, அன்றைய தேதியோடு. ஆபீசரம்மா கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், எச்சில் தொட்டுத் துடைத்தார், பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா, ஊரே இந்தக் கையை நம்புது, நானும் நம்பறேன்” என்றார். “ரிட்டர்னை இந்த ஆபீஸ்ல குடுத்தது உண்மைன்னா, இந்த மேசை மேல வைங்க. விழுந்தா நான் கையெழுத்துப் போடறேன்.”

ஆவுடைத்தங்கம் மேசைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தாள். ஒன்றும் இல்லை. அலமாரியில் வைத்தாள், ஒன்றும் இல்லை. நாற்காலியில் வைத்தாள், சுவரில் வைத்தாள், தபால் ஜன்னல் கம்பியில் வைத்தாள், துரு ஒட்டியதே தவிர ஊதா விழவில்லை. அந்தக் கையை நம்பி அண்டாச் சண்டையை விட்டவர்களும் அழுதவர்களும் சமாதானமானவர்களும் அங்கேதான் நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவுடைத்தங்கம் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவனணைந்தான் இடதுபக்கமாக வந்து நின்று, போதும் தங்கம், கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள், நான் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

முத்திரை குத்தின ஆளின் பெயரையாவது சொல்லுங்கள் என்று ஆபீசரம்மா கேட்டார். சீட்டில் இருந்தவர் என்றாள். பெயர் என்ன என்றார் மறுபடி. சீட்டில் இருந்தவர் என்றாள் மறுபடி.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, வெயிலுக்குப் போட்டதுபோலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்து துண்டை எடுத்தார். அந்தோணிப்பிச்சை.

“மேசை என்னத்த வாங்குச்சு? அலமாரி என்னத்த வாங்குச்சு? நாந்தானம்மா வாங்குனேன்” என்றார். “சீட்டுல இருந்தது நான். அவ கையில குத்துனதும் நான்.” பிறகு ஆவுடைத்தங்கத்தின் பக்கம் திரும்பி, “இதுல வை தாயி” என்று ரிட்டர்னை வாங்கின வலது கையை விரித்து நீட்டினார். 

பென்ஷன் என்னாகும் அண்ணாச்சி என்றாள் அவள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். வை என்றார் அவர்.

சின்னப் பிள்ளைகள் கைதட்டி விளையாடுகிறமாதிரி இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து பிரிந்தன. அவர் கையில் முத்திரை விழுந்திருந்தது, எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல், மை இன்னும் காயாத ஈரத்தோடு, அவர் ரிட்டையரான நாளின் தேதியோடு. தேதியை ஆபீசரம்மா உரக்கப் படித்தார். கடைசி நாள், ஆனால் தாமதம் இல்லை.

ஆபீசரம்மா எழுந்து போய் விதிப்புத்தகத்தை எடுத்துவந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம், அட்டை இல்லை. வெகுநேரம் புரட்டி ஒரு இடத்தில் விரல் வைத்து நின்றார்: கணக்கைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை நகலிலோ, அல்லது கொண்டுவருபவர் நீட்டும் வேறு எதிலேனுமோ இடப்படலாம் என்று இருந்தது. பனையோலையை நினைத்து எழுதியிருப்பான் அந்தத் துரை. ஆபீசரம்மா அதை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினார், ஆகவே குமாஸ்தா செய்தது விதிப்படிதான், அவருடைய பென்ஷனுக்கு இதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்று முதலில் எழுதினார். ரிட்டர்ன் உரிய நாளில் பெறப்பட்டது, தொலைத்தது அலுவலகம், தண்டம் ரத்து என்று அதற்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பியூன் வாசல் பலகைக்குப் போய் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். ஆவுடைத்தங்கம் கூடவே போய் நின்று, மை காய்கிறவரை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

இறங்கும்போதே தெரிந்துவிட்டது, அவள் கையில் முத்திரை வெளுத்துக்கொண்டு வந்தது. வந்த காரியம் முடிந்தது என்று அதற்கும் தெரிந்திருக்கும். இன்னும் ஒன்றே ஒன்றுக்குத்தான் மை இருக்கும்போலத் தெரிந்தது. சும்மா இருப்பார்களா நம் ஆட்கள், அக்கா எனக்கு, மதினி எனக்கு என்று ஒருவர் குழந்தையை நீட்டினார், ஒருவர் வீட்டுப் பத்திரத்தை நீட்டினார், கணக்கு வாத்தியார் முன்வரிசைப் பையன் ஒருவனைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் கையை இறுக மூடிக்கொண்டு கடையைப் பார்க்க நடந்தாள், சிவனணைந்தான் வழக்கம்போல் இடதுபக்கம் நடந்தார், தெரு பின்னாலேயே வந்தது.

கடையைத் திறந்தார்கள். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து உளியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. உளியைக் கீழே வைத்தார்.

“வேண்டாம் தங்கம். கடைய உங்க அப்பா குடுத்தாரு, எனக்குச் சோறும் நீ போட்ட. நான் என்னத்தக் குடுத்தேன் உனக்கு? இருந்த நகலையும் சுத்திக் குடுத்தேன். வச்சு ஒண்ணும் விழலன்னா நான் எங்க போவேன்?”

அவள் குனிந்து, அவருடைய வழுக்கைத் தலையில், சூடு பார்க்கிறமாதிரி, வலது உள்ளங்கையை வைத்து எடுத்தாள்.

கரும் ஊதாவில் விழுந்திருந்தது. அந்தக் கை போட்ட முத்திரைகளிலேயே அதுதான் அழுத்தமானது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். செம்புக்காரர் எட்டிப் பார்த்துத் தேதியைப் படித்தார். கல்யாணத் தேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் படித்தவர், வருஷத்தைப் படித்ததும் நிறுத்திவிட்டு மறுபடி படித்தார். அது கல்யாணத்துக்குச் சில வருஷம் முந்தின தேதி. அப்போது இவர்களுக்குள் கொடுக்கவும் வாங்கவும் என்ன இருந்தது என்று தெரு குழம்பியது.

ஆவுடைத்தங்கம் குழம்பவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கின தூக்குவாளியை ஆணியிலிருந்து எடுத்தாள், முந்தானையால் தூசியைத் துடைத்தாள், தன் பெயருக்குக் கீழே வெட்டியிருந்த தேதியைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள், இரண்டும் ஒரே தேதி.

“கை தப்பிருச்சுன்னீங்களே அன்னைக்கு” என்றாள்.

சிவனணைந்தான் சட்டென்று குனிந்து உளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். மடியில் பாத்திரம் எதுவும் இல்லை, வெறும் தரையைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் கை எல்லார் கையையும்போல ஆகிவிட்டது. அந்தோணிப்பிச்சைக்குப் பென்ஷன் வந்தது. சற்குணவதி மாற்றலாகிப் போகும்போது அந்தத் தம்ளருக்கு விலை கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு எடுத்துப்போனார். சிவனணைந்தான் தலைப்பாகை இல்லாமல் வெளியே வருவதை விட்டுவிட்டார், ஆனாலும் அது இன்னும் போகவில்லை என்று ஊருக்கெல்லாம் தெரியும், நாவிதர் ஒருவர் இருக்கிறாரே. மத்தியானம் கடைக்கு வருகிற சோறு மட்டும் மறுநாளிலிருந்து அந்தத் தூக்குவாளியில் வந்தது. அவர் சாப்பிடுமுன் ஒருதடவை திருப்பி வைத்துக்கொள்வார், அவள் பெயர் தன் பக்கம் இருக்கும்படி. நான் பார்த்திருக்கிறேன், எதிர்க்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். அதையும் நம்பாதவர்கள், சொன்னேனே, நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம்.